கவுண்டர் பூஜ்ஜியம் காட்டினால் எங்கே பார்ப்பது?

ப்ராசசருக்குள் இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்கள் (ஓடிய சைக்கிள், இன்ஸ்ட்ரக்‌ஷன், கேஷ் மிஸ் போன்றவற்றை எண்ணுபவை) தவறான எண் தருகின்றன, அல்லது எண்ணே தருவதில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: எந்தக் கவுண்டரையும் நம்புவதற்கு முன்னால், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு ரிஜிஸ்டரில் 10 லட்சம் போட்டு, ஒன்று குறை, பூஜ்ஜியம் இல்லையென்றால் திரும்பிப் போ என்று அசெம்பிளியில் இரண்டே வரி எழுதுங்கள். இன்ஸ்ட்ரக்‌ஷன் கவுண்டர் 20 லட்சத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால், உங்கள் நிரலை ஆராய்வதை நிறுத்திவிட்டு முதலில் கவுண்டரைப் பாருங்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்407 போர்டில் டிடபிள்யூடி (கார்டெக்ஸ்-எம் கோரில் இருக்கும் டீபக் பகுதி) சைக்கிள் கவுண்டரை வைத்து நேரம் அளக்கிறேன். டீபக்கர் மாட்டியிருக்கும்போது அருமையாக ஓடுகிறது. அதைக் கழற்றி, பவரை நிறுத்திப் போட்டால் எப்போதும் பூஜ்ஜியம்தான். சிப் பழுதா சார்?

பதில்: சிப் நன்றாகத்தான் இருக்கிறது. டிடபிள்யூடி பகுதி முழுவதும் டீபக் ரிஜிஸ்டர் ஒன்றின் 24-வது பிட்டுக்குப் பின்னால் பூட்டியிருக்கிறது. அந்த ரிஜிஸ்டரின் முகவரி ஹெக்ஸில் ஈ000ஈடிஎஃப்சி. டீபக்கர் மாட்டியதும் அதுவே அந்த பிட்டைப் போட்டுவிடும், அதனால் உங்கள் நிரலில் அந்த வரி விடுபட்டிருப்பது தெரியாது. சாதாரண ரீசெட்டிலும் அந்த பிட் அழியாது, பவர் போனால்தான் அழியும். 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்று பலர் குழம்புவது இதனால்தான். நிரலின் தொடக்கத்தில் நீங்களே அந்த பிட்டைப் போடுங்கள், அப்புறம் கவுண்டரைப் பூஜ்ஜியமாக்கி, டிடபிள்யூடி கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரின் 0-வது பிட்டைப் போடுங்கள்.

பின்னால் கார்டெக்ஸ்-எம்7 போர்டுக்கு மாறினால் இன்னொரு பூட்டும் குறுக்கே வரலாம். டிடபிள்யூடியின் பூட்டு ரிஜிஸ்டரில் சி5ஏசிசிஈ55 என்ற ஹெக்ஸ் எண்ணை எழுதினால் திறக்கும். இன்னொன்று, கவுண்டர் 32 பிட்தான். உங்கள் 168 மெகாஹெர்ட்ஸில் சுமார் 25.5 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

கேள்வி: அண்ணா, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு கார்டெக்ஸ்-எம்0+ வைத்திருக்கிறேன். மேலே சொன்னதையெல்லாம் செய்தும் ஓடவில்லை.

பதில்: எம்0+ கோரில் அந்த சைக்கிள் கவுண்டரே கிடையாது தம்பி. சிஸ்டிக் டைமரைப் பயன்படுத்து. அது 24 பிட், மேலிருந்து கீழே எண்ணும். 48 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.35 விநாடி வரை நேரடியாக அளக்கலாம், சிறு ஃபங்ஷன்களுக்கு அது தாராளம்.

கேள்வி: ஐ.எம்எக்ஸ்53 போர்டு, லினக்ஸ். பெர்ஃப் ஸ்டாட் (கவுண்டர்களைப் படித்துக் காட்டும் லினக்ஸ் கருவி) போட்டால் சைக்கிள் எண்ணிக்கை சரியாக வருகிறது. இன்ஸ்ட்ரக்‌ஷன், கேஷ் மிஸ், பிராஞ்ச் மிஸ் எல்லாம் பூஜ்ஜியம். டிரைவர் ஏறியிருப்பதாக பூட் லாக் சொல்கிறது.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் நோயின் அறிகுறியிலேயே காரணமும் இருக்கிறது. சைக்கிள் மட்டும் ஓடி மற்றதெல்லாம் பூஜ்ஜியம் என்றால், கவுண்டர் வேலை செய்கிறது, எண்ணுவதற்குத்தான் அனுமதி இல்லை.

ஆர்ம் வடிவமைப்பில் ஈவென்ட் (கேஷ் மிஸ் மாதிரியான நிகழ்வு) எண்ணுவது டீபக் வகையைச் சேர்ந்தது. ஒரு நிரல் எத்தனை முறை கேஷ் தவறுகிறது என்று பார்த்தே ரகசியச் சாவியை ஊகிக்க முடியும், அதனால் பாதுகாப்புப் பகுதியில் (செக்யூர் நிலை) அதற்குத் தனி அனுமதி வேண்டும். சைக்கிள் கவுண்டருக்கு மட்டும் விலக்கு உண்டு. பிஎம்யூவின் (ப்ராசசரில் இந்தக் கவுண்டர்கள் இருக்கும் பகுதி) கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரின் 5-வது பிட் பூஜ்ஜியமாக இருந்தால், அனுமதி இல்லாதபோதும் அது ஓடும்.

ஐ.எம்எக்ஸ்53-இல் லினக்ஸ் பெரும்பாலும் செக்யூர் நிலையிலேயே ஓடும். எனவே இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சிப்பின் ஆர்ம் பிளாட்ஃபார்ம் ரிஜிஸ்டரில் டீபக் அனுமதி பிட். மற்றொன்று, ப்ராசசருக்குள் இருக்கும் செக்யூர் டீபக் எனேபிள் ரிஜிஸ்டர். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் ஹார்ட்வேரைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) பிஎம்யூ பகுதியில் 'செக்யூர்-ரெக்-ஆக்சஸ்' என்ற வரியைச் சேர்த்தால் கர்னல் இரண்டாவதைத் தானே சரிசெய்யும். ஆனால் வேறு போர்டிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். கர்னல் நான்-செக்யூர் நிலையில் ஓடும் போர்டில் அந்த ரிஜிஸ்டரைத் தொட்டாலே அன்டிஃபைன்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று கர்னல் விழுந்துவிடும். அப்படிப்பட்ட போர்டில் இதை பூட்லோடரோ செக்யூர் மானிட்டரோதான் செய்ய வேண்டும்.

கேள்வி: பெர்ஃப் காட்டும் 'நாட் சப்போர்ட்டட்', 'நாட் கவுண்டட்' இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. முதலாவது, அந்த ஈவென்ட்டைத் தர யாருமில்லை என்பது. டிவைஸ் ட்ரீயில் பிஎம்யூ பகுதி இருக்கிறதா, கர்னல் கான்ஃபிகில் வசதி போட்டிருக்கிறதா, விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டாவது, ஈவென்ட் உண்டு, எண்ணத்தான் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆர்கே3399 மாதிரி நான்கு ஏ53, இரண்டு ஏ72 கோர்கள் சேர்ந்த சிப்பில் இதை அடிக்கடி பார்க்கலாம். நீங்கள் கேட்டது ஏ72-இன் கவுண்டரை, நிரல் ஓடியதோ ஏ53-இல். டாஸ்க்செட் கட்டளை போட்டு நிரலை ஒரே வகைக் கோரில் கட்டிவையுங்கள்.

கேள்வி: ஜிங்க்-7000-இல் சொந்தமாகக் கர்னல் மாட்யூல் எழுதி, ஈவென்ட் எண் 08 கொடுத்து இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்ணுகிறேன். பூஜ்ஜியம். சில நேரம் யூசர் நிரலில் படித்தால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று செத்துவிடுகிறது. சில நேரம் மட்டும் ஏன்?

பதில்: இதில் இரண்டு வெவ்வேறு தவறுகள் இருக்கின்றன. ஜிங்க்-7000-இல் இருக்கும் கார்டெக்ஸ்-ஏ9 கோரில் 08 கிடையாது. லினக்ஸ் அதற்குப் பதிலாக ஹெக்ஸ் 68-ஐ எண்ணுகிறது, அதாவது ரீநேம் கட்டத்தைத் தாண்டிய இன்ஸ்ட்ரக்‌ஷன்கள். முடித்தவற்றின் துல்லியமான எண்ணிக்கை அது அல்ல, தவறாக ஊகித்து ஓடியவையும் சேரும். எனவே 20 லட்சம் சோதனையில் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பயப்படாதீர்கள்.

'சில நேரம்' என்ற சொல்லில்தான் மற்றதற்கு விடை. யூசர் அனுமதி ரிஜிஸ்டர் கோருக்கு ஒன்று. மாட்யூல் ஏறும்போது எந்தக் கோரில் இருந்ததோ அதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், நிரல் அடுத்த கோருக்குப் போனதும் சாகிறது. எல்லாக் கோர்களிலும் ஓடும்படி அந்த வரியை மாற்றுங்கள். கவுண்டரைத் தேர்ந்தெடுக்கும் ரிஜிஸ்டரில் எழுதியதும் ஒரு ஐஎஸ்பி பேரியரும் (எழுதியது நடைமுறைக்கு வந்தபின்பே அடுத்ததை ஓடவிடும் கட்டளை) போடுங்கள், இல்லையென்றால் என்றாவது ஒருநாள் வேறு கவுண்டரின் ஈவென்ட்டை மாற்றிவிடுவீர்கள்.

கேள்வி: சைக்கிள் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஒரு கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர், ஒரு விநாடிக்குச் சுமார் ஒன்றரைக் கோடிதான் வருகிறது.

பதில்: 100 கோடியை 64-ஆல் வகுத்துப் பாருங்கள். பிஎம்யூ கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரின் 3-வது பிட் போட்டிருந்தால் 64 சைக்கிளுக்கு ஒருமுறைதான் எண்ணும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பூட்லோடர் அதைப் போட்டு வைத்திருந்தது தெரியாமல் இரண்டு நாள் கிளாக் செட்டிங்கைக் குடைந்தோம். விகிதம் 64 இல்லை, ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் வேறு காரணம்: ப்ராசசர் சும்மா இருக்கும்போது தூங்கினால் சைக்கிள் கவுண்டரும் நிற்கும், கிளாக் வேகம் மாறினால் கணக்கும் மாறும். கடிகார நேரம் வேண்டுமென்றால் டைமரைப் படியுங்கள், சைக்கிளை நேரமாக மாற்றாதீர்கள்.

கேள்வி: ஏ53 போர்டு. பத்து ஈவென்ட் கேட்டால் கேஷ் மிஸ் ஒவ்வொரு முறையும் வேறு எண். பக்கத்தில் ஏதோ சதவீதமும் வருகிறது.

பதில்: ஏ53-இல் சைக்கிள் தவிர ஆறு கவுண்டர்தான். பத்து கேட்டால் முறைபோட்டு எண்ணி, மீதியை பெர்ஃப் விகிதத்தில் பெருக்கிச் சொல்கிறது. அந்தச் சதவீதம், உண்மையில் எண்ணிய நேரம். நிரல் சில மில்லி விநாடியே ஓடினால் அந்தப் பெருக்கல் வெறும் ஊகம். ஆறுக்குள் கேளுங்கள், ஒப்பிட வேண்டியவற்றை ஒரே குழுவாகக் கேளுங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை 4-இல் பெர்ஃப் ரெக்கார்ட் (நிரல் எங்கே ஓடுகிறது என்று அவ்வப்போது சாம்பிள் எடுப்பது) செய்தால் கர்னல் பக்கத்தில் பாதி சாம்பிள் இன்டரப்டைத் திரும்பத் திறக்கும் ஃபங்ஷனில் விழுகிறது. அதுவா மெதுவாக ஓடுகிறது?

பதில்: அந்த ஃபங்ஷன் மேல் குற்றம் இல்லை. கவுண்டர் நிரம்பியது முன்னாலேயே, ஆனால் இன்டரப்ட் மூடியிருந்ததால் காத்திருந்து, திறந்த இடத்தில் பதிவாகிறது. லினக்ஸ் 5.10 முதல் பிஎம்யூ இன்டரப்டைப் போலி-என்எம்ஐ (மற்றவை மூடியிருந்தாலும் வரும் இன்டரப்ட்) ஆக்கி இதைத் தவிர்க்கலாம், ஆனால் அதற்கு ஜிஐசி (ஆர்மின் இன்டரப்ட் கன்ட்ரோலர்) மூன்றாம் பதிப்பு வேண்டும். பை 4-இல் இருப்பது ஜிஐசி-400, இரண்டாம் பதிப்பு. எனவே ஐஆர்க்யூ-ஆஃப் ட்ரேசரை ஓட்டி, எங்கே இன்டரப்ட் நீண்ட நேரம் மூடியிருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் மெதுவான பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: விஷன்ஃபைவ் 2, ரிஸ்க்-ஃபைவ். ஸ்டாட் வேலை செய்கிறது, ரெக்கார்ட் மட்டும் மறுக்கிறது.

பதில்: அதன் யூ74 கோர்களில் கவுண்டர் நிரம்பியதும் இன்டரப்ட் கொடுக்கும் வசதி இல்லை. ஈவென்ட்டாக 'சிபியு-கிளாக்' கொடுங்கள், டைமரை வைத்து சாம்பிள் எடுக்கும். எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்பதற்கு அது போதும். கேஷ் மிஸ் எந்த வரியில் என்று தெரிய வேண்டுமானால், சந்தேகப்படும் பகுதிக்கு முன்னும் பின்னும் கவுண்டரைப் படித்துக் கழித்துப் பாருங்கள்.