கரையிலிருந்து தூண்டில் போட எந்த இரை நல்லது?

உயிர் இரையா, செயற்கை இரையா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைக் கடற்கரையையும் முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களையும் மனத்தில் வைத்துச் சொல்கிறேன். முதலில் தண்ணீரைப் பாருங்கள். மழைக்குப் பின் கலங்கிக் கிடந்தால் மீன் மோப்பத்தை நம்பித்தான் இரை தேடும். அப்போது இறாலும் கணவாயும்தான் கைகொடுக்கும்.

முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு உயிருள்ள இறாலை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. இறாலின் தலைக்குள் கரும்புள்ளி ஒன்று தெரியும். அதில் தூண்டில் முள் பட்டால் உடனே செத்துவிடும். புள்ளியைத் தொடாமல், கொம்புக்குக் கீழே முள்ளை மெல்லக் கோத்துவிடுங்கள். துடித்துக்கொண்டே நீந்தும். அந்தத் துடிப்புதான் கொடுவாவை இழுக்கிறது.

மணற்கரையில் கிழங்கான் மீனுக்குச் சிறிய முள்ளும் கடற்புழுவும் போதும். நண்டுகள் இரையைப் பிய்த்துத் தின்னும் இடமானால் கணவாயை விரல் நீளத்துக்கு நறுக்கி முள்ளில் கோத்துவிடுங்கள். சதை கெட்டியானது, எளிதில் கழலாது.

தண்ணீர் தெளிந்து, விடியற்காலையில் பொடிமீன்கள் கூட்டமாகத் துள்ளினால் செயற்கை இரைக்கு மாறுங்கள். 20 முதல் 40 கிராம் எடையுள்ள வெள்ளி நிற உலோக இரை எதிர்க்காற்றிலும் தூரம் போகும். பாறை மீனுக்கு அதை வேகமாகச் சுற்றி இழுக்க வேண்டும். சீலா மீன் இருக்கும் இடத்தில் முள்ளுக்கு முன்னால் கம்பி கட்டாமல் போடாதீர்கள். அதன் பல் தூண்டில் நரம்பை நொடியில் அறுத்துவிடும்.