மூன்று தடவை பேச்சிலரான சர் சி.வி.ராமன்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தாள். பி.ஏ. என்றால் பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ். இரண்டு குழந்தைக்குத் தாய் எப்படி பேச்சிலர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக ஆகலாம். அந்தச் சொல்லுக்கும் கல்யாணத்துக்கும் முதலில் சம்பந்தமே இல்லை. கிட்டத்தட்ட 1300 வாக்கில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது பேச்சிலர் என்றால் இளம் வீரன், அதாவது சொந்தக் கொடியின் கீழ் ஆள் திரட்டும் வசதியோ வயதோ இல்லாமல் இன்னொரு பெரிய வீரனின் கொடிக்குப் பின்னால் சண்டைக்குப் போகிறவன். இன்னும் முழு ஆளாகாதவன், அவ்வளவுதான். அதே கணக்கில் படிப்பில் முதல் படி ஏறினவனையும் பேச்சிலர் என்றார்கள், குடும்பஸ்தன் ஆகாதவனையும் பேச்சிலர் என்றார்கள், அடுத்த நூறு வருஷத்துக்குள் மூன்று அர்த்தமும் ஒரே சொல்லில் குடியேறிவிட்டன. படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? லத்தீனில் அதன் எழுத்தைக் கொஞ்சம் வளைத்து, வெற்றி மாலை கட்டுகிற லாரல் மரத்துப் பழம் என்று பொருள் வருகிற மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். பட்டம் வாங்கினவனுக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது!

மூன்று அர்த்தமும் ஒரே ஆளுக்குப் பொருந்துவதைப் பார்க்க வேண்டுமா? நம் சி.வி.ராமன் 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார், ஒரு பேச்சிலர். 1907-ல் லோகசுந்தரியைக் கைப்பிடிக்கும் வரை கல்யாணமாகாதவர், இது இரண்டு. 1929-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது, அந்தப் பட்டத்தின் முழுப்பெயர் நைட் பேச்சிலர், இந்த நைட் இரவு இல்லை, மேலே சொன்ன வீரன். கல்யாணமாகி 22 வருஷம் கழித்து மறுபடியும் பேச்சிலர்!

நாம் இளங்கலை என்று பெயர் வைத்ததால் தப்பித்தோம். அந்த 'இள'வில் பழைய பொருளும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: வயது 41. வீட்டில் எல்லோரும் 'கட்டைப் பிரம்மச்சாரி' என்கிறார்கள். இது திட்டா, பட்டமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி பாதி. பிரம்மச்சாரியும் முதலில் மாணவன்தான். குரு வீட்டில் தங்கி வேதம் படிக்கிற பையன், நான்கு நிலைகளில் முதல் நிலை, படிப்பு முடிந்து வீடு திரும்பினால் அடுத்தது கல்யாணம். படிக்கிற காலத்தில் மணமாகாமல் இருந்தான் என்பது போய், மணமாகாதவன் எல்லாம் பிரம்மச்சாரி என்று ஆகிவிட்டது. தமிழில் இதற்கு மாணி என்று அழகான சொல் உண்டு. மூன்றடி மண் கேட்டு வந்த வாமனனை ஆழ்வார்கள் மாணி என்றுதான் பாடுகிறார்கள். பக்கத்திலேயே மாணவன், மாணாக்கன் நிற்பதைக் கவனியுங்கள். எங்கோ பிரான்ஸில் ஒரு சொல், இங்கே இரண்டு சொல், எல்லாவற்றிலும் படிக்கிற பையனும் மணமாகாதவனும் ஒரே ஆள்.

சரி, கட்டை? நம் பேச்சில் கட்டை என்றால் உடம்பு. 'இந்தக் கட்டை வேகிற வரைக்கும்' என்பார்களே, அது. ஒண்டிக்கட்டை, தனிக்கட்டை எல்லாம் அதிலிருந்து வந்தவை. அந்தக் கட்டைதான் உங்கள் பிரம்மச்சாரிக்கு முன்னாலும் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கட்சி. 41-க்கெல்லாம் இந்தப் பட்டம் கொஞ்சம் அவசரம்.

கேள்வி: கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். 'பேச்சிலர் ரூமில் இருக்கேன்' என்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். சண்டை போடலாமா?
- வாசகி, இராமநாதபுரம்

பதில்: வேண்டாம். வளைகுடாவில் பேச்சிலர் என்றால் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து தங்கியிருக்கிற ஆண், பேரன் எடுத்தவராக இருந்தாலும் சரி. அங்கே வீட்டு விளம்பரமே 'ஃபேமிலி', 'பேச்சிலர்' என்று இரண்டு ஜாதி. குடும்பங்கள் இருக்கிற குடியிருப்பில் பேச்சிலர்களை விடமாட்டார்கள். அதனால்தான் ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டு, 'பெட் ஸ்பேஸ்' என்று படுக்கைக்கு வாடகை கொடுத்து இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்சனிலும் ஊரில் பெண்டாட்டி பிள்ளை உள்ள எத்தனையோ பேச்சிலர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் தீரவில்லை என்றால், அடுத்த தடவை போன் வரும்போது இன்றைக்கு ரூமில் யார் சமையல் முறை என்று கேளுங்கள்.