மீன் ஏணி கட்டினால் கேலா பிழைக்குமா?

கேள்வி: மலேசியாவின் பாகாங்கில் ஒரு மலையாற்றில் நண்பர்களோடு கேலா என்னும் ஆற்று மீனைப் பிடித்து, திரும்ப விட்டுவிடுவது எங்கள் வழக்கம். மேலே சிறிய நீர்மின் நிலையம் வரப்போகிறதாம். ‘மீன் ஏணி (மீன் அணையைத் தாண்டி ஏறிப்போக உதவும் நீர்ப்படிகள்) அமைக்கப்படும், 10 விழுக்காடு நீர் எப்போதும் திறந்துவிடப்படும்’ என்கிறது திட்ட அறிக்கை. இது போதுமா? மக்கள் கருத்துக்கு வைத்தால் என்ன எழுதலாம்? - வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: போதாது. அந்த 10 விழுக்காடு பெரும்பாலும், மீன் வாழ ஆற்றில் எவ்வளவு நீர் விட வேண்டும் என்று கணக்கிடும் டென்னன்ட் முறையிலிருந்து வருவது. 1976-இல் அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஆறுகளை வைத்து வகுத்த கணக்கு. அதிலேயே 10 என்பது மீன் கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கப் போதுமான அளவுதான். வாழ்விடம் ஓரளவு நன்றாக இருக்க 30, மிக நன்றாக இருக்க 60 என்கிறது. எனவே முதலில் கேளுங்கள்: எதில் 10 விழுக்காடு? ஆண்டுச் சராசரியிலா, அந்தந்த மாத ஓட்டத்திலா? தடுப்பணைக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே தண்ணீர் குழாய்க்குள் போய்விடும். ஆறு வற்றப்போவது அந்தத் தூரத்தில்தான். அது எத்தனை கிலோமீட்டர், அங்கே கூழாங்கல் படுகை உண்டா என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத மணிக்கணக்கு. மின்தேவை கூடும் நேரத்தில் டர்பைனை ஓட்டி, பிறகு நிறுத்தினால் கீழே ஆறு தினமும் ஏறி இறங்கும். கேலாவின் முட்டை கூழாங்கல் இடுக்கில் தங்குவது. நீர் சட்டென்று இறங்கினால் முட்டை காயும், குஞ்சுகள் ஓரக்குட்டைகளில் சிக்கிச் சாகும். ‘மணிக்கு இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது’ என்று எண்ணாகவே நிபந்தனை கேளுங்கள். தேங்கிய வண்டலைத் திறந்துவிடுவதும் அப்படித்தான்: பெருவெள்ளத்தில் மட்டும், முட்டையிடும் காலத்தில் கூடவே கூடாது. வண்டல் படிந்தால் கல்லிடுக்கில் உள்ள முட்டைக்கு மூச்சுக்காற்று போகாது.

ஏணிக்கு வருவோம். தாய்லாந்தின் பாக் மூன் அணை 1994-இல் முடிந்தது, ஏணியும் கட்டினார்கள். அந்த ஏணி பெரிதாகப் பயன்படவில்லை, அணைக்கு மேலே மீன்பிடிப்பு 60 முதல் 80 விழுக்காடு வரை சரிந்தது என்று உலக அணைகள் ஆணையத்தின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. துள்ளும் சால்மனுக்கு வகுத்த வடிவம் நம் பக்கத்து மீன்களுக்கு ஒத்துவராது. செங்குத்துப் பிளவு வகை ஏணி (தொட்டிகளுக்கு நடுவே உள்ள சுவரில் மேலிருந்து கீழாகப் பிளவு விட்டது) என்றால், தொட்டிக்குத் தொட்டி 10 முதல் 15 சென்டிமீட்டர் இறக்கம், மொத்தச் சரிவு 20-க்கு 1 அளவில் இருந்தால் வேகம் குறைந்த மீனும் ஏறப் பார்க்கும். ஏணியின் வாய் டர்பைன் நீர் வெளியேறும் இடத்தருகே வேண்டும். மீன் பலமான ஓட்டத்தைத் தேடிப் போகும். வாய் தள்ளியிருந்தால் கடைசிவரை கண்டுபிடிக்காது. பாக் மூனில் 2001-இல் மதகுகளைத் திறந்தபோது மீன்கள் மேலே வந்தன. ஆகவே வலசைக் காலத்தில் முழுக்கத் திறக்கக்கூடிய மதகையும் கேளுங்கள். கீழிறங்கும் மீனுக்கு டர்பைன் வாயில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளிக் கம்பிச் சல்லடையும், அதையொட்டித் தனி வழியும் தேவை. குஞ்சுகள் அதிலும் நழுவிவிடும்.

ஏணியை விட நான் முதலிடம் தருவது கிளையாற்றுக்குத்தான். திரெங்கானுவின் கென்யிர் ஏரியே அணையால் உருவானது. இன்றும் கேலாவைப் பார்க்க மக்கள் போவது அந்த ஏரியில் கலக்கும் சுங்கை பெத்தாங் சரணாலயத்துக்கு. ஓடும் நீரும் காவலும் அங்கே மிச்சமிருக்கின்றன. உங்கள் ஆற்றுப்படுகையில் எந்தக் கிளையாறு அணையின்றி விடப்படும், அது சட்டப்படி எப்படிக் காக்கப்படும் என்பதே மனுவின் முதல் வரியாக இருக்கட்டும்.

‘நீர்மின்சாரமே வேண்டாம்’ என்று எழுதாதீர்கள். 2022 ஜூனிலிருந்து சிங்கப்பூரே லாவோஸ் நீர்மின்சாரத்தை இறக்குமதி செய்யத் தொடங்கியது. அந்த வாதம் நம் வாயில் எடுபடாது. மனு அந்த ஊர்க்காரர்கள், படகோட்டிகள் பெயரில் போனால் எடை கூடும். கட்டுமானத்துக்கு முன் மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டையும் தொட்ட ஓராண்டு மீன் கணக்கெடுப்பு வேண்டும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பு இருந்தது தெரியாவிட்டால் பின்பு இழந்ததை நிரூபிக்க முடியாது.

முட்டையிடும் இடங்களின் தேதியிட்ட படங்கள் உங்களிடம் இருந்தால் இணைக்கலாம். ஆனால் சரியான இடக்குறிப்பை அதிகாரிகளுக்கு மட்டும் கொடுங்கள். பொதுவில் போட்டால் அடுத்த வாரமே வலைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.