138 அதிகாரம் பாக்கி

கேள்வி: ஜனவரி 1 முதல் தினமும் பைபிளில் மூன்று அதிகாரம், ஞாயிறன்று ஐந்து என்று வேதவாசிப்பு தொடங்கினேன். லேவியராகமம் 6-ல் நின்று ஆறு வாரம் ஆகிறது. பாக்கியை எப்படி அடைப்பது? விட்டுவிட்டால் கிருபையை இழந்துவிடுவேனா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, 'பாக்கி', 'அடைப்பது' என்று இரண்டு சொல் போட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் வேறென்ன ஞாபகம் வரும்? தண்டல்தான்.

பத்தாயிரம் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. மீதி 1,500 முதலிலேயே பிடித்தம். தினம் நூறு வீதம் நூறு நாள். சாயங்காலம் டூவீலர் வந்து நிற்கும், இறங்கக்கூட மாட்டார், சின்ன அட்டையில் கட்டத்துக்குள் ஒரு கிறுக்கல். இன்று இல்லையென்றால் நாளைக்கு இருநூறு. கேட்டால் 'பதினைந்து பர்சென்ட்தானே' என்பார். அசல் நாளுக்கு நாள் குறைகிறது, வட்டியோ முழுத் தொகைக்கும் முன்பே போயாயிற்று. வருஷக் கணக்கில் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். இப்போது உங்கள் வேதவாசிப்பு அட்டையை எடுத்துப் பாருங்கள். அதே கட்டம், அதே டிக். காசிமேட்டில் மீன் விற்கிற அக்காவிடம் தண்டல்காரர் வருகிறார். உங்களிடம் பரமபிதாவையே டூவீலரில் வரவைத்துவிட்டீர்கள்.

கணக்கு கேட்டீர்கள், சொல்கிறேன். வாரத்துக்கு 23 அதிகாரம், ஆறு வாரத்துக்கு 138. தினம் இரட்டிப்பாக வாசித்தாலும் அடைக்க இன்னும் ஆறு வாரம். அந்த வேகத்தில் அடுத்த புத்தகமான எண்ணாகமம் 7-க்கு வருவீர்கள். 89 வசனம், பன்னிரண்டு பிரபுக்கள், பன்னிரண்டு நாள், ஒரே காணிக்கைப் பட்டியல்: 130 சேக்கலில் (அந்தக் கால எடை) வெள்ளித்தாலம், 70 சேக்கலில் வெள்ளிக்கலம். பாக்கி அடைக்கிறவர் இரண்டாவது பிரபுவிலேயே கண்ணை ஓட்டிவிடுவார். ஒருவர் காணிக்கையைக்கூட 'மேற்படி' என்று சுருக்காமல் எழுதியிருக்கிறதே, அதுதான் அந்த அதிகாரத்தின் அழகு. அது கையை விட்டுப் போகும்.

ஆகவே 138-ஐயும் தள்ளுபடி செய்யுங்கள். அட்டையில் இன்றைய தேதிக்கு எது இருக்கிறதோ அதிலிருந்து வாசியுங்கள். விட்டது அடுத்த வருஷம் தானே வரும். பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்களைக் கேளுங்கள்: செவ்வாய்க்கிழமை பூசைக்கு வராதவருக்குப் புதன்கிழமை இரண்டு நாள் வாசகம் வாசிப்பதில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுற்று, வாரநாள் முதல் வாசகம் இரண்டு வருஷச் சுற்று. வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, எந்த ஸ்டேஷனிலும் ஏறலாம். (இதை எழுதியதற்காக, எனக்கு வழக்கமாகக் கடிதம் போடும் சீர்திருத்தச் சபை அன்பர் இன்றிரவே பேனாவைத் திறப்பார். திறக்கட்டும்.)

கிருபை போய்விடுமா என்கிறீர்கள். ரோமர் 4:4-ல் பவுல் இதே கணக்குநோட்டைத்தான் பிரிக்கிறார்: கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாமல் கடனென்று எண்ணப்படும். அட்டையை முழுசாக டிக் அடித்து வாங்குவது கூலி. கூலி பாக்கி நிற்கும், கிருபைக்குப் பாக்கி வைக்க வழியே இல்லை. 'கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று வாரம் தவறாமல் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்து அழுகிறோம். வேப்பேரியில் இருந்து வேதத்தைத் தமிழாக்கிய பப்ரீசியுஸ் ஐயரே பிறர் பணத்தை வாங்கிக் கடனுக்கு விட்டு, அது திரும்பாமல், கடனுக்காகச் சிறையில் கிடந்தார். 1791-ல் மறைந்தார். அந்த ஜெபத்தை அவர் எந்தக் குரலில் சொல்லியிருப்பாரோ.

நீங்கள் 6-ல் நின்றதற்குக் காரணம் உண்டு. லேவியராகமம் 1 முதல் 6:7 வரை ஐந்து வகைப் பலிகளைக் கொண்டுவருகிறவனுக்குச் சொல்கிறது. 6:8 முதல் 7 முடிய அதே பலிகளை ஆசாரியனுக்குச் சொல்கிறது. 'சொன்னதையே சொல்கிறதே' என்று அட்டை அங்கேதான் கைமாறி அலமாரிக்குப் போகும். ஒரு பக்கம் பின்னால் போய் 5:11-ஐப் பாருங்கள். ஆடு முடியாதவனுக்கு இரண்டு புறா, புறாவும் முடியாதவனுக்கு ஒரு எப்பா (அந்தக் கால முகத்தலளவு) மாவில் பத்தில் ஒரு பங்கு. யாத்திராகமம் 16:36-ல் ஓமர் என்பதும் அதே பத்தில் ஒரு பங்கு, இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு ஆளுக்கு ஒரு நாள் மன்னா, அதாவது வனாந்தரத்தில் தேவன் கொடுத்த அன்றாட ஆகாரம். ஏழையின் பாவநிவாரணபலிக்கு அவனுடைய ஒரு நாள் சாப்பாட்டின் அளவு! அந்த மன்னாவையும் மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவன் பானையில் பூச்சி பிடித்தது. நேற்றைய பங்கை இன்று பொறுக்கியவனும் கிடையாது.

இன்னும் பயமாக இருந்தால் லேவியராகமத்தில் 16, 19, 25 மூன்றை மட்டும் முதலில் வாசியுங்கள். புதுவருஷ ஆராதனையில் உருவிய வாக்குத்தத்த அட்டையைத் தயவுசெய்து நடுவில் செருகாதீர்கள். ஒரே வசனத்தை வைத்து வருஷத்தை ஓட்டும் அந்த லாட்டரியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது.

25:36-ல் 'வட்டியாவது பொலிசையாவது' வாங்காதே என்று இருக்கும். பொலிசை என்றால் என்ன, புது மொழிபெயர்ப்பில் எடுத்துவிடலாமே என்று கேட்கிற கட்சி ஒன்று இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்குப் போட்ட பணத்தின் வட்டிக்குப் பெயர் பொலிசை. ஆயிரம் வருஷச் சொல்லைப் பைபிள் காப்பாற்றி வைத்திருக்கிறது, அது இவர்களுக்கு உறுத்துகிறது.

அந்த வசனத்தைத் தண்டல்காரருக்கு வாசித்துக் காட்டலாமா என்று அடுத்த கேள்வி எழுதிவிடாதீர்கள். காட்டலாம். கூடவே 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தண்டல் பெயர் சொல்லியே இருக்கிறது.