காசினோ போக்கர் போட்டியா, இணையப் போட்டியா?

உள்ளூர் காசினோவின் போக்கர் போட்டிகளில் ஆடுவதா, இணையத்தில் ஆடுவதா என்ற கேள்விக்கு, முதலில் பார்க்க வேண்டியது வேகம் என்பேன். காசினோவில் சீட்டைக் கலைத்துப் பங்கிடவும் சில்லுகளை எண்ணவும் நேரம் பிடிப்பதால் மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 ஆட்டங்களே முடியும். இணையத்தில் ஒரே மேசையில் அதைப்போல் இரு மடங்கு ஆடலாம்; ஆடியவற்றின் பதிவைத் திறந்து, எங்கே தேவையின்றிப் பந்தயத்தை உயர்த்தினோம் என்று பிறகு ஆராயவும் முடியும். கற்பதற்கு இதைவிட நல்ல வழியில்லை. 2003-இல் போக்கர் உலகத் தொடரின் (World Series of Poker) முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பெற்ற கிறிஸ் மணிமேக்கர், இணையத் தகுதிப் போட்டி வழியாகவே அங்கு நுழைந்தார்.

காசினோவின் சிறிய போட்டிகளில் எதிராளிகள் பொதுவாக எளிதில் வெல்லக்கூடியவர்கள். முகத்தையும் கையசைவையும் கவனிக்கும் வாய்ப்பும் உண்டு. ஆனால் சீட்டைப் பார்க்குமுன்பே முறைவைத்துக் கட்டவேண்டிய கட்டாயப் பந்தயம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை உயருமானால், ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் அந்த முறை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரு சுற்று வருவதற்குள் அடுத்த உயர்வு வந்துவிடும்; பொறுமையாக நல்ல சீட்டுக்குக் காத்திருப்பவரின் சில்லுகள் அதற்குள் கரைந்துவிடும். நுழைவுத் தொகையில் காசினோ எடுத்துக்கொள்ளும் பங்கும் இணையத்தைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதால், பணம் கட்டுமுன் பரிசுத் தொகைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.