குடல் பாக்டீரியாவும் மார்பகப் புற்றும்

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிறவள் நான். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். குடல் கிருமிதான் காரணம் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். தினமும் பழைய கஞ்சிதான் குடிக்கிறோம். நிறுத்திவிடவா டாக்டர்?
– பெயர் வேண்டாம், சின்னப்பாலம், பாம்பன்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை வெளியேற்றக் கல்லீரல் அதை ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டி, பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அங்கே சில பாக்டீரியாக்கள் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதியால் அந்தக் கட்டை அவிழ்த்துவிட, ஹார்மோன் மறுபடி ரத்தத்தில் ஏறுகிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அதிகமிருந்தால் மார்பகப் புற்று வரும் வாய்ப்பும் கூடும். சந்தேகம் கிளம்பியது இதிலிருந்துதான். ஆனால் இன்ன பாக்டீரியாவால்தான் புற்று வந்தது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அக்கா எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று யாரையும் பேச விடாதீர்கள். எனக்குக் கோபமே வருகிறது.

கஞ்சியோடு முருங்கைக்கீரை, பயறு சேருங்கள். அக்காவுக்குக் கீமோ என்ற மருந்துச் சிகிச்சை நடந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு குறையும்; அந்த நாட்களில் மட்டும் பழையது வேண்டாம், சுடச்சுட வடித்த சோறு கொடுங்கள். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையையும் அவருடைய டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உடன்பிறந்தவருக்கு வந்திருப்பதால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கரையேறிக் குளிக்கும்போது மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், வலியில்லையே என்று விடாமல் அந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.