காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எனக்குத்தான் தலை சுற்றுகிறது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று வீசும் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. காற்றின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. எது முதலில், எது அப்புறம்? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். காற்று ஏன் கிளம்புகிறது என்பதற்கு முதல் வரி பதில். சைக்கிள் டியூபில் வால்வைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று வெளியேறுகிறதே, அதேதான். கிளம்பிய காற்று ஒரு தடையைத் தாண்டி வேகமெடுக்கும்போது அந்த இடத்தில் என்ன ஆகிறது என்பதைச் சொல்வது இரண்டாவது வரி.

இரண்டு பலூன்களை ஊதி, நாலு விரல் இடைவெளியில் நூலில் தொங்கவிட்டு, நடுவில் பலமாக ஊதச் சொல்லுங்கள். விலகிப் போகும் என்றுதான் பிள்ளை நினைப்பாள், அவை ஒன்றையொன்று நெருங்கி வரும். தகர ஷீட் கூரை பறப்பதும் இப்படித்தான். கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது, வீட்டுக்குள் இருக்கும் காற்று அசையாமல் பழைய அழுத்தத்திலேயே இருக்கிறது, அதனால் ஷீட்டைக் கீழிருந்து மேலே தள்ளிவிடுகிறது. கதவு, சன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகிக் கூரை தப்பும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். காற்று வரும் பக்கம் திறந்திருந்தால் அதுவும் உள்ளே புகுந்து கூரையைத் தூக்கத்தான் உதவும்.

கேள்வி: புயலின் நடுவில் அழுத்தம் குறைவதால் கடலை மேலே இழுத்து, அந்தத் தண்ணீர்தான் 1964-ல் தனுஷ்கோடியை அழித்தது என்கிறான் என் நண்பன். சரியா? (மாணவர், மண்டபம்)

பதில்: கொஞ்சம் சரி. நீயே கணக்குப் போட்டுப் பார். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். சாதாரண நாளில் 1010 இருக்கும் அழுத்தம் பெரிய புயலின் மையத்தில் 950-க்கு இறங்குவதாகவே வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60, அதாவது 60 சென்டிமீட்டர், 2 அடி. 1964 டிசம்பர் 22 இரவு ஆள் உயரத்துக்கு மேல் வந்து பயணிகள் ரயிலையே அடித்துச் சென்ற தண்ணீருக்கு இந்த 2 அடி எந்த மூலைக்கு? மிச்சமெல்லாம் காற்றின் வேலை. மணிக்கணக்கில் ஒரே பக்கமாகத் தள்ளும்போது ஆழக்கடலாக இருந்தால் தண்ணீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும். நம் பாக் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம், திரும்பிப் போக இடம் ஏது? கரையில் வந்து குவியும்.

கேள்வி: பாம்பன் பக்கம் கடல் உள்வாங்கிவிட்டது என்று டிவியில் காட்டும்போதெல்லாம் வீட்டில் சுனாமி என்று அலறுகிறார்கள். என்னதான் நடக்கிறது? (வாசகர், பாம்பன்)

பதில்: சிலநாள் காலையில் போய்ப் பார்த்தால் நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும், பாறையும் பாசியும் வெளியே தெரியும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். நிலநடுக்கம் எதுவும் இல்லாமல், காற்று மட்டும் பலமாக இருந்தால், அன்று ராமேஸ்வரம் தீவின் மறுபக்கக் கரையையும் போய்ப் பாருங்கள். தென்கடலில் தண்ணீர் வற்றியிருந்தால் வடகடலில் வழக்கத்தைவிட ஏறியிருக்கும். வடக்கிலிருந்து வரும் வாடை பலமாக அடித்தால் பாக் நீரிணைத் தண்ணீர் தீவின் வடகரையில் வந்து முட்டும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் கரையைவிட்டு விலகும். தெற்கிலிருந்து அடித்தால் அப்படியே தலைகீழ். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய கடல்வற்றமும் சேர்ந்துகொண்டால் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

இதில் பாடப்புத்தகம் பாதியில் விட்டுவிடும் ஒரு சங்கதி இருக்கிறது. அழுத்தம் குறைந்த மையத்தை நோக்கிக் காற்று நேராகப் போய்ச் சேர்வதில்லை. பூமி சுழல்வதால் அதன் பாதை வலப்பக்கமாக விலகி, மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக ஓடும், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் எல்லோருக்கும் இதே கதைதான். அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டினால், அந்தப் பக்கம், சற்று முன்னால் தள்ளி, தாழ்வுநிலை இருக்கும். வாடை அடிக்கிறதா, தெற்கே பார்த்து நிற்பீர்கள், இடது கை கிழக்கே வங்கக்கடலைக் காட்டும். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் பலத்தால் மேற்கே பார்த்து நிற்பீர்கள், தாழ்வுநிலை தெற்கே. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று என்றால் அது நமக்கு வடக்கே போய்விட்டது. 2018-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. வரைபடத்தை வைத்து அன்று நம் ஊரில் காற்று எந்தத் திசையில் அடித்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சாயங்காலக் கடற்காற்றுக்கும் பருவக்காற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைத் தாண்டி வந்து, ராமநாதபுரம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவிலேயே அசையாமல் நின்று வலுவிழந்தது. அந்த மாதிரி நேரத்தில் இடது கையை எங்கே நீட்டினாலும் மழைதான்.

கேள்வி: துறைமுகத்தில் 1-ம் எண் கூண்டு ஏற்றியதுமே ஊரில் கடையடைக்கிற அளவுக்குப் பேச்சு. அவ்வளவு ஆபத்தா? (வாசகர், தொண்டி)

பதில்: இல்லை. 1, 2 இரண்டும் எங்கோ தூரக்கடலில் நடப்பதைக் கப்பல்களுக்குச் சொல்பவை. 3 ஏறினால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடலாம் என்று பொருள், அப்போது படகைப் பத்திரப்படுத்துங்கள். எண் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்று நினைப்பது எல்லா இடத்திலும் சரிவராது. 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலுக்குத்தான். துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே மூன்று நிலை கடும்புயலுக்கு 8, 9, 10. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் 11.

இடமா வலமா என்று ஏன் பிரிக்கிறார்கள்? மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு, அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்துத் தண்ணீரை ஊருக்குள் தள்ளும். இடப்பக்கத்தில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அதனால் 5-ஐவிட 6 ஏறும்போதுதான் தாழ்வான கரையோரத்துக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.